முடிச்சுப் போட்ட கயிறு

பாலக்கோடு யார்டுக்கு
ஆளுக்கொன்று கொண்டுவந்தோம்.
மெக்கானிக் பச்சமுத்து, ஒரு ஸ்பேனர் பை.
கொழுந்தன் தீர்த்தகிரி, வாய்.
வீட்டுக்காரர், உள்பையில்
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்:
பட்டுக்கூடு விற்றது பாதி,
சொசைட்டியில் என் சங்கிலி மீதி.
நான் மாட்டுக் கயிறு,
இரண்டு முடிச்சோடு.
முடிச்சுக்கு முடிச்சு
எங்கள் மல்பெரி வரிசைக்கு நடுவில் கிடக்கிற மண்.

தவணை தவறிய வாசல்களிலிருந்து வந்தவை
வரிசையாக நின்றன.
புதுச் சிவப்பு அடித்த ஒன்றைக் காட்டி
"ஒரே கை ஓட்டினது" என்றார் கெம்பண்ணன்.
பச்சமுத்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான்.
சூடு.
"காலையிலேயே எழுப்பி வச்சிட்டீங்களா?"
கெம்பண்ணன் டீ சொல்லப் போனார்.

அடுத்தது நீலம்.
ஆயில் கம்பியை உருவினால் மோர்.
அதற்கடுத்தது எல்லாம் சரி,
ஆர்சி புத்தகத்தில் மட்டும்
ஃபைனான்ஸ்காரன் பேர் இன்னும் குந்தியிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றது
பதினெட்டுக் குதிரை.
மூஞ்சி நசுங்கி, சீட்டுக்கு உரச்சாக்கு.
மணி மீட்டர்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழில்
எப்போதோ தூங்கிப்போனது.
ஆனால் எஞ்சின் சில்லென்று இருந்தது.
சாவி திருப்ப, இரண்டு தரம் இருமி
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
கருப்பாக வந்த புகை
வெளுத்து, இல்லாமல் போனது.
"நீலப்புகை இல்லக்கா" என்றான் பச்சமுத்து.
காலையிலிருந்து
என்னைப் பார்த்து ஒருத்தர் சொன்ன முதல் வார்த்தை.

குனிந்து, பின் டயர்களுக்குக் குறுக்கே
கயிற்றைப் பிடித்தேன்.
முடிச்சைத் தாண்டி ஒரு ஜாண்.
"ஒரு ஜாண்தானே அண்ணி."
ஒரு ஜாண்தான்.
சாலுக்குச் சால் இரண்டு பக்கமும் கிளை முறியும்.
இலை பத்தாத தட்டில்
புழு தலையைத் தூக்கித் தேடுவதை
தீர்த்தகிரி பார்த்ததில்லை.
விடிகாலை மூன்று மணித் தீனி
என்னுடையது.

பச்சமுத்து சக்கரத்தைச் சுற்றிவந்தான்.
"ரிம்மைத் திருப்பிப் போட்டா உள்ள வாங்கும்."
ஜாக்கி ஏறியது. துருப்பிடித்த போல்ட்டுகள்
ஒவ்வொன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு கழன்றன.
டீ ஏடு கட்டியது.
மறுபடி கயிறு.
முடிச்சுக்குள் இரண்டு விரல் மிச்சம்.

ஒன்று அறுபதில் ஆரம்பித்த விலை
ஒன்று நாற்பத்துநாலில் உட்கார்ந்து
எழுந்திருக்க மாட்டேன் என்றது.
ஆறாயிரம் துண்டு.
"அடுத்த கூடு எப்போ?"
"இருபத்தேழு நாள்."
"அட்வான்ஸ் குடுத்துட்டு,
அடையாளத்துக்கு எதையாவது கட்டிட்டுப் போங்க.
இல்லாட்டி நம்ம பெயின்ட் பையன்
சும்மா இருக்கமாட்டான்."

ஸ்டியரிங்கில் கயிற்றைச் சுற்றி
மூன்றாவதாக ஒரு முடிச்சு போட்டேன்.

பஸ் வெள்ளிச்சந்தை தாண்டும்போதுதான் உறைத்தது:
சாயங்காலம் மாட்டைக் கட்ட
வீட்டில் வேறு கயிறு கிடையாது.