சாய்வு மேசை

ஜனவரி. வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பார்க்கிங்கிலிருந்து கதவு வரை எண்பது அடிதான்,
அதற்குள் பத்து விரலும் வெள்ளை, பிறகு நீலம்,
உள்ளே வந்து ஹீட்டரடியில் நின்றால் சிவப்பு.
வலி அந்தச் சிவப்பில்தான் வரும்.

ரொவேனா என்று சட்டையில் பெயர் குத்தியவள்
மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள்.
கழலாது, வெட்டத்தான் வேணும் என்றேன்.
என் விரலைப் பார்த்தாள்.
இருக்கட்டும், படம் நெஞ்சுக்குத்தானே என்றாள்.

பதினாறு வருஷம் பனிக்கோட்டு தைத்தேன்,
அடுத்தவர் குளிருக்கு.
கை அரை அங்குலம் குறைந்தாலும் பிரித்துத் தைக்கவேண்டும்.
இப்போது எனக்கொரு தோல்,
யாரோ அளவெடுக்காமல் தைத்தது.
விரல்நுனியில் இழுக்கிறது.
வாயோரம் இரண்டு தையல் கூடுதல்.
ஸ்க்லிரோடெர்மா என்று
வாய் நிறையச் சொல்லவேண்டிய பெயரை
இந்த வாய்க்கா கொடுப்பார்கள்?

முதலில் நின்றபடி ஒரு கிளாஸ் பேரியம்.
ஸ்ட்ராபெரி ருசியாம்.
சுவருக்கு அடிக்கிற வெள்ளைக்கு
ஸ்ட்ராபெரியைத் தூரத்திலிருந்து காட்டியிருப்பார்கள்.
ஏப்பம் விடவேண்டாம். பொறுங்கள். பொறுங்கள்.
இப்போது விழுங்குங்கள்.

எத்தனையை விழுங்கியிருக்கிறேன்.
சூப்பர்வைசருக்குச் சொல்லாத பதில்,
தம்பி திருப்பித் தராத காசு,
மெனோபாஸ்தான் என்று அனுப்பிவைத்த
முதல் டாக்டருக்கு முன்னால் வந்த அழுகை.
அதெல்லாம் எந்த வழியாக இறங்கியது?

பிறகு மேசை சாய்ந்தது.
நான் குப்புற, ஒருக்களித்து, ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டு.
தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரை தெரியும்.
திருப்பினேன்.

கழுத்தில் சரியாகத்தான் போகிறது,
அங்கே தசை இன்னும் என் பேச்சைக் கேட்கிறது.
நெஞ்சுக்குள் நுழைந்து கொஞ்சத் தூரம்.
நின்றது.
பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, தள்ளுவதற்கு ஒன்றுமில்லை,
அகலமாய், சோம்பலாய், ஒரு குழாய்.
நடுவில் என் வெள்ளை,
புயலன்று ஹைவேயில் மாட்டிய லாரிகளைப் போல.
டாக்டர் எண்ணினார். பத்து. இருபது. முப்பது.
மைக்கில் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார்.
அலை, இல்லை.
அந்த இரண்டு சொல் மட்டும் பிடிபட்டது.

ரொவேனா பொத்தானை அழுத்தினாள்.
மேசை என்னைத் தூக்கி நிறுத்தத் தொடங்கியது,
ஒரு பாகை, ஒரு பாகையாக.
பாதம் கால்பலகையில் முட்டியது.
அப்போது இறங்கியது அது.
நான் விழுங்கவில்லை. சத்தியமாய் ஒன்றும் செய்யவில்லை.
பூமி இழுத்துக்கொண்டது.

ஒரு வருஷமாய் நின்றுதான் சாப்பிடுகிறேன்,
குசினியில், சிங்க் ஓரம், கையில் தண்ணீர்.
இருந்து சாப்பிடன் என்பார் குகதாசன்.
பஸ்ஸா போகப்போகுது என்பாள் மகள்.
ஏன் என்று எனக்கே தெரியாது.
உடம்பு தன் படத்தை எப்போதோ பார்த்துவிட்டு
எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறது.

கீழ்க்கதவும் சரியாக மூடுவதில்லை என்றார் டாக்டர்.
இரவுப் புளிப்பு அதனால்தான்.
கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்துங்கள்.
நாளைக்கு வெள்ளையாய்ப் போகும், பயப்படவேண்டாம்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
வெள்ளைக்குப் பயந்தால் ஆகுமா?

காருக்குள் குகதாசன் கேட்டார், என்னவாம்?
மென்றேன். விழுங்கப் பார்த்தேன்.
அதுதான் இறங்காதே.
சொன்னேன், எல்லாவற்றையும், அலை இல்லாததையும்.
இரண்டு சிக்னல் வரைக்கும் அவர் பேசவில்லை.
மூன்றாவதில் ஹார்ட்வேர் கடைக்குத் திருப்பினார்.

எத்தனை கல்?
கட்டில் ஒண்டுதானே,
நீங்களும் சேர்ந்தெல்லோ சரிவீங்கள் என்றேன்.
எத்தனை கல், சொல்லும்.

நாலு.

இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப் போனார்.
கக்கத்துக்குள் கையை வைத்துக்கொண்டு
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்,
வாயில் இன்னும் அந்தச் சுவர்.