முதல் சிங்கிள்

பத்தொன்பது வருஷ சர்வீஸில்
கும்பகோணம் – மன்னார்குடி ரோடு இப்படிக் கிடந்து
நான் பார்த்ததில்லை.
டயர் தேய்க்கும் இடத்தில் யாரோ
உளுந்து காயப்போட்டிருந்தார்கள்.
நீடாமங்கலம் கேட் திறந்தே கிடக்கிறதென்று
டிரைவர் அந்தோணிராஜ் போனில் சிரித்தார்.
நெல் மூட்டை ஏற்றிப்போகும் கூட்ஸுக்கு மட்டும்தான்
இறங்குகிறதாம்.
நின்று நின்று நாங்கள்
கடலை தின்று தீர்த்த கேட்.

சுடர்விழி நடக்கப் பழகியபோது
நான் மன்னார்குடியில் நைட் ஹால்ட்.
அவள் வலங்கைமானில்
பீரோவிலிருந்து கதவு வரைக்கும் வந்தாளாம்.
முதல் பல், முதல் பள்ளிக்கூடம்,
ஆண்டுவிழாவில் மயிலாக ஆடி
தோகை கழன்று விழுந்தது,
எல்லாமே எனக்குச் சேதி.
"நீங்க பார்க்கலையே" என்று முடிகிற சேதி.

இப்போது பன்னிரண்டு வயது. ஏழாவது, ஆல் பாஸ்.
எழுதாத பரீட்சைக்கு எதுக்கு ஸ்வீட் என்று
கோபித்துக்கொண்டாள்.
ஸ்வீட் கடையும் பூட்டித்தான் இருந்தது.

வளர்மதிக்கு ஆலங்குடி ஆஸ்பத்திரியில் டூட்டி.
பதினாறு நாளாக அங்கேயே தங்கல்.
வீடியோ காலில் மூக்கின் மேல் கோடு விழுந்த முகம்
"ரசத்துல உப்பு பார்த்தீங்களா" என்கும்.
நான் பார்த்திருக்க மாட்டேன்.

அக்கா மகளுக்குப் பதினொன்றாவதில்
அரசாங்கம் கொடுத்த சைக்கிள்
கொல்லையில் சாய்ந்து கிடந்தது.
செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன்.
காலை ஐந்தரை மணிக்கு
என் ரூட்டிலேயே இறக்கினோம் அதை.

நாற்பத்தாறு வயசு, தொப்பை,
மாஸ்க் தாடையில் தொங்க,
கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.
ஓடினால் வாய் சும்மா இருப்பதில்லை.
"முன்னால போ, முன்னால போ,
உள்ள எடமிருக்கு பாரு."
"அப்பா, கத்தாதீங்க" என்று திரும்பியவள்
உளுந்து மேலேயே விழுந்தாள்.
உளுந்துக்காரர் வைத்தி திட்டிக்கொண்டே வந்து
முட்டியைப் பார்த்துவிட்டு
மஞ்சள் எடுக்கத் திரும்பி நடந்தார்.

ஆறாம் நாளோ, ஏழாம் நாளோ,
குடமுருட்டிப் பாலம் தாண்டிக் கை விலகிவிட்டது.
யோசித்து விட்டதில்லை.
மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.
அவள் போய்க்கொண்டிருந்தாள்.
நான் பிடித்திருப்பதாக நினைத்து
என்னவோ பேசிக்கொண்டும் போனாள்.
"ரைட்" என்றேன்.
எழுபது பேர் நெருக்கும் வண்டியில்
பின் படிக்கட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கும் குரல்
என் சட்டை பட்டனைக்கூடத் தாண்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை
ஆலங்குடிக்கு முதல் சிங்கிள்.
ஹேண்டிலில் எலுமிச்சை சாதத் தூக்கு.
நான் டிவிஎஸ்ஸில், இருபதடி பின்னால்.
செக்போஸ்ட்டில் ஏட்டு மறித்தார். எங்க?
"அம்மாவுக்குச் சாப்பாடு. நர்ஸு.
நான் ஓட்டப் பழகி நாலு நாள்தான் சார் ஆவுது,
நிறுத்தினா மறுபடி ஏறத் தெரியாது."
ஒரு சைக்கிள் போகத் தடுப்பை
ஒரு லாரி போகிற அளவுக்கு நகர்த்தினார்.

கேட்டுக்கு உள்ளே, புங்கமரத்துக்கு அந்தப் பக்கம்,
வெள்ளை உடுப்புக்குள் யாரோ.
நிற்கிற நிற்பில்தான் வளர்மதி என்று தெரிந்தது.
வளைவில் வரும் மகளைப் பார்த்தாள்.
கேரியரில் கை இல்லாததையும் பார்த்தாள்.
"பிரேக்கப் புடிடீ!"
வேறொன்றும் சொல்லவில்லை.
கண்ணாடிக்குள் பனி மூடிக்கொண்டது.
துடைக்க வழியில்லாத உடுப்பு அது.
தூக்கை மதகுக்கட்டையில் வைத்துவிட்டு
சுடர் பத்தடி தள்ளி நின்று
பெல்லை அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல தனியா ஓட்டினப்போ
நீங்க பார்த்தீங்களா?"
"பார்த்தேன்."
"நான் பார்க்கலையே" என்றாள்.

சேதி இந்த முறை என்னிடம் இருந்தது.
எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல்
உளுந்திலிருந்து ஆரம்பித்தேன்.