ஃபியூஸ் கம்பி ஒரு முழம்

உரக்கடை மாடியில் அறை, வாடகை அறுநூறு.
கார் சாகுபடி தொடங்கிவிட்டால்
மூட்டைகள் மேலேறி வரும்,
நாங்கள் படிக்கட்டில் ஒத்திகை பார்ப்போம்.
முக்கூடலில் எங்கள் ராஜா எதைப் பேசினாலும்
லேசாகப் பூச்சிமருந்து வாடை.

கவிதை எழுதலாமென்று மன்றத்தில் சேர்ந்தேன்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

இந்த வருடம் நாடகம் வெயிலுகந்தாள் எழுதியது.
பீடிக் கம்பெனி லேபிள் தாளின் முதுகில் எழுதுவாள்.
ஆயிரம் சுற்றி முடித்தால் ஒரு பக்கம்.
தூள் ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பிரித்து
செயலாளர் ஜெபமணி தும்மிக்கொண்டே
நான்காம் காட்சிக்கு வந்து சேர்ந்தார்.
"ராஜாவக் கொல்லணுமா தாயி?
அரிசி ஆலைக்காரரு ஐயாயிரம் தாராரு,
மங்களமா முடிக்கச் சொல்லுதாரு."
இலை வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்காமல்
"செத்தாத்தான் அண்ணாச்சி கதை" என்றாள்.
ஐயாயிரம், ஆயிரத்து ஒன்றாக வந்தது.
வரவில் எழுதினேன்.

ராஜா வேடம் லைன்மேன் சொரிமுத்துவுக்கு.
கம்பம் ஏறி ஏறித் தோள் அப்படி.

மாசி மாதம். சந்தைத் திடல்.
வாடகைக்கு எடுத்த எட்டு போகஸ் விளக்கு.
மூன்றாம் காட்சியில் ராஜா கையை ஓங்குகிறார்,
டப்பென்று ஊரே அணைந்தது.
கொஞ்ச நேரம் ஆற்றுப்பக்கமிருந்து நாய்ச் சத்தம்.
பிறகு கூட்டத்தில் ஒரு குரல்:
"சொரிமுத்து, ஒம்ம சோலிதாம்வே."

கிரீடத்தை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்
அதோடேயே இறங்கிப் போனார்.
துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு
"ராஜா பேசுதேன்" என்றாராம், நாக்குப் பழக்கம்.
"எந்த நாட்டுக்குவே?" என்று வைத்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்துவிடும் என்று நான்
வசூல் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.
அப்போது திரைக்குப் பின்னாலிருந்து
ராஜா பேச ஆரம்பித்தார், பெண்குரலில்.
அடுத்து மந்திரி, அதே குரல்.
குதிரைக்காரன். அவன் மகள்.
மேடையேறச் சொல்லக்கூடாதென்று எங்களிடம்
எழுதி வாங்கிக்கொண்டவள்.
எனக்கு முன்னால் அவள் வீட்டுக்காரன்
பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்:
"ஆருடே இது, தூத்துக்குடி செட்டா?"
நான் வாயைத் திறக்கவில்லை.
இருபத்திரண்டு நிமிடம்
கடலை உடைக்கிற சத்தம்கூட இல்லை.

விளக்கு வந்தபோது
ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டாள்.

கையெல்லாம் கரி, கிரீடம் கோணி,
சொரிமுத்து ஓடிவந்து, விட்ட இடத்தில் நின்று
கையை ஓங்கினார்.
"எறக்கும்வே கைய" என்றது திடல்.
"நீரு செத்தாச்சு."
"எப்பம்?"
"நீரு பியூசு கட்டிக்கிட்டு இருக்கையில."
சற்று யோசித்தார்.
கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப்
படுத்துக்கொண்டார்.
நான்காம் காட்சி முழுக்கப் பிணத்துக்கு
மேல்மூச்சு வாங்கியது.

ஆண்டுக் கூட்டத்துக்குக் கணக்கு முடிக்கிறேன்.
மைக்செட், பந்தல், காபி எல்லாம் எழுதியாயிற்று.
ஃபியூஸ் கம்பி ஒரு முழம், சொரிமுத்து கைக்காசு,
இன்னும் கொடுக்கவில்லை.
வெயிலுகந்தாளுக்கு எந்தப் பத்தியில் எழுதுவதென்று
தெரியவில்லை.
அந்தப் பாதிச் சொல் என்ன என்று
இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.
நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே சொல்கிறாள்:
"அடுத்த வருசமும் கரண்டு போவட்டும்."