தனியாகப் புரண்டதற்கு மதிப்பெண் இல்லை

நெகுலாய்,
சனிக்கிழமை நான் கத்தியது தப்புதான்.
முழுக்கத் தப்பில்லை.

டிப்டனில் வேலி ஐந்தடி.
உன் கூண்டும் என் கூண்டும்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி
முதுகைக் காட்டி நிற்கின்றன.
மேலே வேலி கிடையாது, அதுதான் வம்பு.

என்னுடையவை பர்மிங்காம் கர்ணங்கள்.
கைக்குள் அடங்கும் உடம்பு.
இருபதும் ஒன்றாக ஏறும், ஒன்றாகத் திரும்பும்.
திரும்புகிற முனையில்
யாரோ சுவிட்சை அணைத்தது போல
எட்டோ பத்தோ ஒரே நொடியில் பின்பக்கமாகச் சுழலும்.
பக்கவாட்டில் பார்த்தால்
வடையின் நடுவில் போல ஓட்டை தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால் அது சுழற்சியில்லை, உதறல்.
முப்பதடி இறங்கி
ஒன்றுமே நடக்காத முகத்தோடு
பறந்து போய்க் கூட்டத்தில் சேரும்.
அந்தச் சேருதலுக்குத்தான் நான் தீனி போடுகிறேன்.
சுழல எந்தக் கிறுக்குக்கும் வரும்.

உன்னுடையவை கலாட்ஸ் ஜாதி,
டான்யூப் காற்றில் பழகிய நீள இறக்கை.
ஏறினால் மிளகு, அப்புறம் கடுகு,
அப்புறம் உன் நம்பிக்கை மட்டும்.
நீ வாளியில் தண்ணீர் வைத்து
குனிந்து வானம் தேடுவாய், மூன்று மணி நேரம்.
"வாளியையா பார்க்கிறாய்?" என்றேன் முதல் நாள்.
வா என்று கை காட்டினாய்.
தண்ணீருக்குள் ஒரு புள்ளி புரண்டது.
அங்கே அது விழவில்லை,
எங்களை நோக்கி எழுந்து வந்தது.

எவ்வளவு வாதாடியிருக்கிறோம்!
என் பறவைகள் மணியடித்தால் எழுந்து நிற்கும்
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாம்.
உன்னுடையவை ஆபீசுக்கே வராமல் சம்பளம் வாங்குபவை என்றேன்.
உன் மைத்துனனின் துருக்கிக் கர்ணத்தை இழுத்தாய்:
வாலில் பதினாறு இறகு,
ஒரு பல்டி, இரண்டு பல்டி, திடீரென்று ஒரு திருகல்,
ஒன்று செய்வதை மற்றது செய்யாது.
ஒழுங்கில்லாத குடும்பம் என்றேன்.
ஓல்ட்பரி பெர்சி கெட்டரிட்ஜ் வளர்க்கும்
கூடத்துக் கர்ணத்தைப் பற்றி மட்டும் சேர்ந்து சிரித்தோம்.
பறக்காது. புல்லில் உருண்டுகொண்டே போகும்.
பின்னாலேயே நாடா பிடித்து அளப்பார்கள்.
நீதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாய்.
"அது கண்ணை மூடிக்கொண்டால்
எங்கே இருப்பதாக நினைக்கும்?"

கரணம் தப்பினால் என்ன என்பது
என் சிமெண்டுத் தரைக்குத் தெரியும்.
மார்ச்சில் அந்தச் செம்புள்ளிப் பெட்டை.
அவ்வளவு ஆழம் இந்தத் தெரு பார்த்ததில்லை.
நிறுத்த மறந்துவிட்டாள்.
ஈரத்துணி விழுந்த சத்தம்.
ஆழம் வேண்டுமென்று
அவள் அப்பனையும் அம்மாவையும் ஜோடி சேர்த்தது நான்.
இதை உன்னிடம் சொல்லவில்லை.
நீ பார்த்திருப்பாய், ஐந்தடிதானே.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.
டென்மார்க்கிலிருந்து வந்த நடுவர்.
கை தூக்கினேன், இருபது நிமிடம் ஓடத் தொடங்கியது.
ஏழாவது நிமிடம் மேகத்திலிருந்து ஒரு சாம்பல் சேவல் இறங்கி
என் இருபதை இருபத்தொன்றாக்கியது.
கூட்டம் தடுமாறியது. நான்கு நிமிடம் ஒரு சுழற்சியில்லை.
அப்போதுதான் உன் பெயரை
தெருமுனைவரை கேட்கக் கத்தினேன்.
அது வியாழன் மாலை ஏறித் திரும்பாத சேவல் என்று
எனக்கு எப்படித் தெரியும்?
பன்னிரண்டாவது நிமிடம் என் ஒன்பது சேர்ந்து உடைந்தன.
அரை நொடி பிந்தி
உன்னுடையது, தனியாக, நீளமாக.
நடுவர் எழுதவில்லை. விதி அப்படி.
ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தார்.
நீ வேலியில் கையூன்றி ஏதோ சொன்னாய், உன் பாஷையில்.
வந்துவிட்டான் என்றுதான் இருக்கும்.

ஆறாம் இடம் எனக்கு.

உன் சேவல் என் கூண்டில்தான் இருக்கிறது.
இரண்டு நாள் பட்டினியை
என் பார்லியில் தீர்த்துக்கொண்டிருக்கிறது.
வந்து எடுத்துக்கொண்டு போ, அவசரமில்லை.
நாளைக் காலை என்னுடையவற்றோடு
ஒருமுறை விட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.
மேலே போனாலும் போய்விடும்.
வாளியைக் கொண்டு வா,
என்னுடையது ஒழுகும்.