ஒன்பதாம் வகுப்பு, பாறைகள்

பாலக்கோடு பள்ளிக் குழுப்படத்தில்
இருபத்தேழு பேரும் வாயை மூடி நிற்கிறோம்.
படமெடுத்தவர் மூன்று முறை சொன்னார், சிரிங்கப்பா.
தீர்த்தகிரி சிரித்தான்,
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.

காவிப் பல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த காரணம்:
ஒழுங்காகத் தேய்க்கவில்லை.
ஓசூர் மாமா வீட்டில்
எனக்கென்று தனியாக ஒரு பேஸ்ட்
வாங்கி வைத்திருந்தார்கள்.

புவியியலுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை.
ஒன்றைக் கணக்கு சார் கடன் வாங்குவார்,
திருப்பித் தந்ததில்லை.
மிஞ்சிய ஒன்றில், ஒரு வியாழக்கிழமை,
தீப்பாறை படித்தோம்.
நீர் இறங்கி இறங்கி அதைக் கரைக்கும் என்பதோடு
பெல் அடித்துவிட்டது.
தீர்த்தகிரி பையை மாட்டவில்லை.
"எங்க போரு எண்ணூறு அடி, மிஸ்.
அந்தக் கல்லுல என்ன கரையும்?"

தெரியலப்பா என்றார், மறைக்காமல்.

குடிநீர் வாரிய ஆபீசில் மூன்று நாள் நின்று
அவனே வாங்கி வந்தான் அந்தத் தாளை:
வட்டத்தின் கிணறுகள் புள்ளி புள்ளியாய்,
ஃபுளோரைடு மிகுந்தவை சிவப்பில்.
அவரவர் ஊரில் விரல் வைத்தோம்.
விரலை எடுத்தால்
அடியில் சிவப்பு.

யாரும் பேசவில்லை.
வருகைப்பதிவுக்கே தலைகுனிந்து பதில் சொல்லும்
பச்சையம்மா
வாய்விட்டுச் சிரித்தாள்:
"அப்ப நான் இல்ல. கல்லு!"

ஒரு பல்லும் வெளுத்துவிடவில்லை.
மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது,
தண்ணீர் அதே குழாயில்தான் வருகிறது.
தாளை மடித்து
கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புக் குழுப்படத்தில்
இருபத்தேழு பேருக்கும்
பல் இருக்கிறது.