தொங்கல்

மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு என்று
ஐஸ் வண்டிக்காரன் சொல்லிப் போனான்.
மழை இன்னும் இல்லை.
உப்பனாறு மட்டும்
போர்வைக்கடியில் யாரோ புரளுவதுபோல்
ஏறி இறங்குகிறது.

மங்களூரிலிருந்து நீ போனில் சொன்னாய்:
"இறுக்கிக் கட்டு அஞ்சலாட்சி.
அசையவே கூடாது."

போன ஐப்பசியில் அசையவில்லை.
நீயேதான் கட்டினாய்,
காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து,
தட்டினால் டங் என்று கேட்கும்படி.
விடிந்தபோது கயிறு அப்படியே இருந்தது.
முடிச்சு இருந்தது.
கரையில் இரும்புத்தூண் இருந்தது.
கயிற்றின் மறுமுனையில்
கட்டையும் அதோடு பிய்ந்து வந்த
ஒரு முழம் பைபரும் தொங்கின,
வேரோடு வந்த கடைவாய்ப் பல் மாதிரி.
படகு அக்கரைகோரிச் சேற்றில்
மூக்கைச் சொருகிக் கிடந்தது.

நல்ல கயிறு என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நீ முறைத்தாய்.

பதினோராயிரம். குழுக்கடன்.
இன்னும் இரண்டு தவணை.

அதனால் மத்தியானமே
முதுநகர் கனி பாய் பஞ்சர் கடைக்குப் போனேன்.
பழைய டயர் ரெண்டு.
"எந்த வண்டிக்கு?"
"நிக்கிற வண்டிக்கு."
மொபெட் டயரைத் திருப்பிப் பார்த்தார்.
"கம்பி தெரியுதும்மா, ஓடாது இது."
"ஓடக்கூடாதுன்னுதான் வாங்கறேன்."
காசு வேண்டாம், வவ்வால் பட்டால்
பார்த்துச் செய் என்றார்.

டயரின் ஒரு காதில் கரைக்கயிறு,
மறு காதில் அணியத்துக் கயிறு.
ரப்பர் கிழிந்தால் பிடித்துக்கொள்ள
நடுவே ஒரு பாகம் தொங்கல் விட்டேன்.
விளிம்பில் உரசும் இடத்தில்
உன் லுங்கியைக் கிழித்துச் சுற்றினேன்,
நீலக் கட்டம் போட்டது.
வந்து தேடாதே.

பக்கத்துப் படகிலிருந்து காத்தமுத்து கேட்டான்:
"என்ன, தூளி கட்டறியா?"
நான் பதில் சொல்லவில்லை.
அவன் கயிறு சொன்னது, டங்.

ஒன்பதுக்கு மேல் வாடை திரும்பியது.
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டார்ச் அடித்தேன்.
படகு பின்வாங்க வாங்க
வட்டம் முட்டையாச்சு,
முட்டை வாழைப்பூவாச்சு.
கயிறு கேட்கிறது. டயர் கொடுக்கிறது,
கொஞ்சமாக, எண்ணி,
எங்கள் குழுத்தலைவி கொடுப்பதுபோல.
பிறகு ஒன்று விடாமல்
திரும்ப வாங்கிக்கொள்கிறது.
படகு கரைக்கு வருகிறது, மோதாமல்.

அமரத்துக் கயிற்றுக்கு என்று
இரண்டாவது டயரை மடியில் வைத்திருந்தேன்.

டங், என்றது காத்தமுத்து படகு.
டங்.
அப்புறம் ஒரு கிறீச்.
கயிறு இல்லை, கட்டை.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியாது,
கயிற்றையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டயரை அவன் பக்கம் எறிந்தேன்.
டார்ச்சை அவன் கைமேல் பிடித்தேன்.
"இவ்வளவு போதுமா?"
"விடு."
"போதுமா?"
"இன்னும் விடு."

என் அமரத்துக்கு இப்போது டயர் இல்லை.
கயிற்றைத் தூணில் ரெண்டு சுற்று சுற்றி
நுனியைக் கையில் பிடித்தேன்.
அலை இழுத்தால் ஒரு சாண் விட்டேன்.
தளர்ந்தால் ஒரு சாண் வாங்கினேன்.
எத்தனை தடவை என்று கேட்காதே,
நூறுக்கு மேல் எண்ணவில்லை.
நடுவில் மழை வந்தது.
காத்தமுத்து ஒரு தார்ப்பாயை
என் தலைமேல் போட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் போனான்.

விடிந்ததும் உன் போன்.
எடுக்க விரல் மடங்கவில்லை.
உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு
சாய்ந்த கோடுகளாய்ப் பதிந்திருந்தது.

"அசையாம இருந்துச்சா?"

"ராத்திரி பூரா ஆடிச்சு."

நீ மூச்சு விடவில்லை.
அந்தப் பக்கம் ஏதோ இன்ஜின் ஓடியது.
கொஞ்ச நேரம் உன்னை அப்படியே விட்டு,
பிறகு சொன்னேன்:

"படகு இருக்கு.
லுங்கிதான் போச்சு."