வடக்குச் சுவர், நிலுவை

திங்கட்கிழமை நீங்கள் வருகிறீர்கள்.
சாவிக்கொத்தில் பதினேழு சாவிகள்.
மூன்றுக்கு எது பூட்டு என்று எனக்குத் தெரியாது.
எனக்கு முன்னிருந்தவரும் உதட்டைத்தான் பிதுக்கினார்.

திருமுழுக்கு, திருமணம், இறப்பு,
பதிவேடுகளைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.
கணக்குப் புத்தகத்தில் நான்கு வருடமாக
ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்:
'வடக்குச் சுவர் பழுது – நிலுவை.'
ஆயர் இல்லத்துத் தணிக்கையாளர்
அதில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வந்த புதிதில் நான்தான் அதை எழுப்பினேன்.
ஏழடி. உச்சியில் பாட்டில் சில்லு.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்தைப் பார்த்து விடிய விடிய நிற்கும்.
அவற்றின் இடுக்கில் நுழைய பயந்து
பின்தெருப் பெண்கள் கோயில் வளாகம் வழியாகத்தான்
தண்ணி லாரிக்கு ஓடுவார்கள்.
நான் அப்பத்தை உயர்த்தும் அதே நேரம்
வெளியே காலிக் குடங்கள் ஒன்றையொன்று இடிக்கும்.
அமைதி வேண்டும் என்றேன் பங்குப்பேரவையில்.
ஆண்டவர் கேட்டதாக நினைவில்லை.

பிறகு அந்த மழை.
வாய்க்காலுக்குப் போக வேண்டிய தண்ணீரை
என் சுவர் பின்தெருவிலேயே பிடித்து வைத்திருந்தது.
இரவு இரண்டு மணி. கடப்பாரைச் சத்தம்.
"கேட்டுட்டு இடிக்க டைம் இல்ல ஃபாதர்,
டார்ச்ச இப்டி காட்டு" என்றான் கன்னியப்பன்.
காட்டினேன்.
அந்த இரவில் நான் செய்த ஒரே ஊழியம் அது.

முதலில் தண்ணீர் வந்தது, மேலே எண்ணெய் மினுங்க.
பின்னாலேயே ஜனங்கள்.
சிலிண்டர், ஸ்கூல் பை, ஒரு வெள்ளாடு,
தலையில் தையல் மிஷினோடு ஜைத்துன் பீ.
நனையாத மேடான இடம் எது என்று
சுற்றிப் பார்த்தவர்
பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் அதை இறக்கினார்.
வீடு சரியாக மூன்று மாதம் ஆனது.
அதுவரை கொடிமரத்தடியில் நாற்காலி போட்டுக் கேட்டேன்.
லாரி இரைச்சலில்
பாவங்கள் கொஞ்சம் சத்தமாகவே வந்தன.

இதையும் எழுதிவிடுகிறேன்.
வியாகுலமேரியின் வீட்டுக்காரர் இறந்த அன்று
பதினொரு மாதச் சந்தா பாக்கி என்று
பொருளாளர் நோட்டைத் திறந்தார்.
மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை.
ஐந்நூற்று ஐம்பது ரூபாய்,
காசிமேட்டு ஐஸின் ஈரம் காயாத நோட்டுகள்.
ரசீது கிழித்துக் கொடுத்த பிறகுதான்
மணி அடித்தது.
போன வாரம் மன்னிப்புக் கேட்டேன்.
"எதுக்கு ஃபாதர்?" என்றார்.
மறந்துவிட்டாரா, மறக்காமல் கேட்டாரா
என்று தெரியாமலே பெட்டி கட்டுகிறேன்.

நாளை பொன்னாடை, பிரியாணி, வாழ்த்துரை.
தரை ஓடு போட்டதைச் சொல்வார்கள்.
கெபிக்கு விளக்கு வைத்ததைச் சொல்வார்கள்.
பேனரில் ஆறு வருடத்துக்கு முந்தைய படம்,
எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் இங்கே?
சில இரவுகளில் மணலிப் பக்கமிருந்து
அழுகிய முட்டை வாடை இறங்கும்.
போன் வரும், கிறிஸ்தவர்கள் வீட்டிலிருந்து மட்டுமில்லை.
"ஃபாதர், உங்களுக்கும் வருதா?"
"வருது" என்பேன்.
"சரி" என்று வைத்துவிடுவார்கள்.
அதற்கு மேல் அவர்களும் கேட்டதில்லை,
என்னிடமும் இருந்ததில்லை.

இடிந்த செங்கற்களைத் தேடாதீர்கள்.
கேரம் போர்டுக்கு முட்டுக்கொடுத்தது நாலு,
கன்னியப்பன் வீட்டு வாசற்படி மீதி.
சில்லுகளை நானே பொறுக்கினேன்,
உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது.
மேஸ்திரியின் மதிப்பீடு இழுப்பறையில்.
கட்டுவதானால் கட்டுங்கள், உங்கள் பங்கு.

ஆனால் முதல் காலைப் பூசையில்
ஒரு சத்தம் கேட்கும், எரிச்சல் வரும்.
தண்ணி லாரி ஐந்தே முக்காலுக்கு.
நான் பூசையை
ஆறேகாலுக்கு மாற்றிப் பார்த்தேன்.
லாரியும் தாமதமாக வர ஆரம்பித்துவிட்டது.